21 தீவுகளுக்கும் ஆண்டுக் கணக்கு வேண்டும்

பெறுநர்:
தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்கள்,
தமிழ்நாடு வனத்துறை, சென்னை.

மதிப்பிற்குரிய காப்பாளர் அவர்களுக்கு,

நங்கநல்லூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பகுதியிலிருந்து இராமேசுவரத்துக்குப் போகாத குடும்பம் குறைவு. ரயில் பாம்பன் பாலத்தில் ஏறியதும் எல்லோரும் ஜன்னலோரம் வந்துவிடுவார்கள். தெற்கே தெரியும் பச்சைத் திட்டுகளின் பெயர் மட்டும் பலருக்கும் தெரியாது. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டிக் கிடக்கும் 21 மன்னார் வளைகுடாத் தீவுகளில் சில அவை.

இந்தத் தீவுகளை மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். எந்தத் தீவிலும் குடியிருப்பு இல்லை. ஆனால் அவற்றில் ஒன்றான குருசடைத் தீவின் கடலுயிர்களைப் பற்றி மட்டுமே சென்னை அருங்காட்சியகம் 1927-இல் ஒரு நூல் வெளியிட்டது. பாலனோகிளாசஸ் என்ற அரிய மணற்புழுவைக் காண விலங்கியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே போயிருக்கிறார்கள். 1986-இல் இந்தத் தீவுகளும் சுற்றுக்கடலும் தேசியப் பூங்கா ஆயின. 1989-இல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமானது.

இவ்வளவு பெருமை இருந்தும் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகளும் இன்று நீருக்கடியில் கிடக்கின்றன. 1969-இல் சுமார் 20 ஹெக்டேர் இருந்த காரியாசல்லித் தீவில் இன்று 5 ஹெக்டேர்கூட மிஞ்சவில்லை.

காரணம் கடல் மட்டுமல்ல. இந்தத் தீவுகள் மணல் திட்டுகள். சுற்றியுள்ள பவளப்பாறைதான் அலையின் வேகத்தை முறித்து மணலைக் காக்கிறது. அந்தப் பாறையைப் பல பத்தாண்டுகள் கடப்பாரையால் பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றி, சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் ஆலைகளுக்கும் அனுப்பினோம். 2001-இல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. அதற்குள் பெருஞ்சேதம் நடந்துவிட்டது. மிஞ்சிய பவளத்தையும் 2010, 2016 ஆண்டுகளின் கடல் வெப்பம் வெளுக்க வைத்தது.

அரசு கைகட்டி நிற்கவில்லை என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். கரைந்துகொண்டிருந்த வான் தீவின் முன்னே 2015 முதல் துளையிட்ட கான்கிரீட் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன. அவற்றுக்குப் பின்னால் மணல் மீண்டும் சேர்ந்தது. காரியாசல்லியையும் அதே வழியில் மீட்க இப்போது திட்டம் இருக்கிறது. பாறையைத் திருப்பிக் கொடுத்தால் தீவு நிற்கும் என்பதற்கு வான் தீவே சாட்சி.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஒரு தீவு மூழ்கும் நிலைக்கு வந்த பிறகு பணி தொடங்கக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை 21 தீவுகளையும் அளந்து, பரப்பையும் பவளத்தின் நிலையையும் தமிழில் வெளியிடுங்கள். கீழக்கரையிலும் வேம்பாரிலும் மீனவர் கூடும் இடங்களில் அந்தக் கணக்கை ஒட்டி வையுங்கள். அளக்கும் பணியில், மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்களையும் கூலி கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். பூங்கா வந்ததால் தொழிலில் கட்டுப்பாடுகளைச் சுமந்தவர்கள் அவர்கள். பாறையின் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் காண்பவர்களும் அவர்களே.

இரண்டு தீவுகளை இழந்துவிட்டோம். மூன்றாவதை இழக்காமலிருக்க இந்த ஆண்டே அளவெடுப்பைத் தொடங்க ஆணையிடுங்கள்.

இப்படிக்கு,
நங்கநல்லூர்வாசி ஒருவர்