கோப்பின் முதல் வரி

ஓலைச்சுவடிகளில் செய்யுளை அடி பிரித்து எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இராது. ஆயினும் அவற்றைப் பதிப்பித்த பெரியோர் யாப்பறிவைத் துணைக்கொண்டு அடிகளைப் பிரித்துத் தந்தனர். புதுக்கவிதைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கவிஞர் முறித்த இடம் ஒருமுறை தொலைந்துவிட்டால் எந்த இலக்கணமும் அதை மீட்டுத் தராது.

இன்று கவிதை கோப்பாகவே கைமாறுகிறது. எடிட்டர் என்று நாம் வழங்கும் உரைத்திருத்தியோ அவரவர் விருப்பப்படி அமைக்கப்பட்டிருக்கும். விம்மில் வரியகலம் 78 என்று அமைத்திருக்கும் ஒருவர் நீண்ட வரியின் முடிவில் ஒரு சொல்லைச் சேர்த்தால், அது தானே வரியை மடித்துவிடும். மடிப்பு கோப்பிலும் பதிவாகிவிடும். கவிஞர் முறித்தது எது, கருவி முறித்தது எது என்று அப்புறம் யார் சொல்வது?

ஆகவே, கோப்பின் அமைப்பைக் கோப்பே சொல்லட்டும் என்கிறோம். விம்மில், கோப்பின் முதல் ஐந்து அல்லது கடைசி ஐந்து வரிகளுக்குள் வரியகலம் சுழியம் என்று அதற்குரிய முறையில் குறித்துவிட்டால் தானாக மடிப்பது நின்றுவிடும். ஈமேக்ஸில் முதல் வரியிலேயே குறியேற்றத்தையும் அறிவிக்கலாம்.

குறியேற்றத்தை அறிவிப்பதன் அருமையை மதுரைத் திட்டத்தில் காணலாம். 1998இல் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய அத்திட்டத்தின் திஸ்கிக் கோப்புகளில், என்ன குறியேற்றம், எவ்வகை எழுத்துரு வேண்டும் என்ற குறிப்பு தலைப்பகுதியிலேயே இருந்தது. மனிதர் படிப்பதற்கான குறிப்புதான். ஆனால் யுனிகோடுக்கு மாற்றுவோர் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. நம் அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து டிடிபி நிலையங்களில் அக்காலத்தில் தட்டச்சிட்டு வாங்கிய சிற்றிதழ்ப் பக்கங்களை வெற்றுரையாகப் பிரித்தெடுத்துப் பாருங்கள். எழுத்துருவின் பெயர் மறந்துபோயிருந்தால் எஞ்சுவது ஆங்கில எழுத்துக் குப்பைதான்.

நிரலாளர்கள் இப்போது எடிட்டர்கான்ஃபிக் என்னும் தனிக்கோப்பைக் கோப்புறையில் வைத்துவிடுகிறார்கள். கூடி நிரல் எழுதுவோர்க்கு அதுவே சிறப்பு. ஒற்றைக் கவிதையை மின்னஞ்சலில் அனுப்பும்போதோ அது கோப்புறையிலேயே தங்கிவிடும்.

ஆபத்தும் உண்டு. 2019இல் விம்மின் இவ்வசதியில் ஓர் ஓட்டை தெரியவந்தது: தீய நோக்குடன் எழுதிய கோப்பைத் திறந்த மாத்திரத்திலேயே அது கணினியில் கட்டளைகளை இயக்கக்கூடும். ஓட்டையை அடைத்துவிட்டார்கள். எனினும், முன்பின் அறியாதவர் அனுப்பும் கோப்புகளுக்கு இவ்வசதியை அணைத்தே வைப்பது நல்லது. இதழ்க்குழுவுக்குள் சுற்றும் கோப்புகளுக்கு இயக்கிக்கொள்ளலாம். அச்சுக்குப் போகுமுன் அந்த வரியை நீக்க மறக்க வேண்டாம். அதையும் கவிதையின் கடைசி வரியாக அச்சிட்டுவிடுவார்கள். அதன் உட்பொருளை விளக்கி ஒருவர் விமர்சனமும் எழுதிவிடுவார்.