வாசலோடு நிற்காத வறுமை

மன்னார் நகரத்து உப்புக்குளத்தில் இன்று முப்பதைத் தாண்டிய பலருடைய பிள்ளைப் பருவம் உப்புக்குளத்தில் கழியவில்லை. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவுக் குடும்பங்கள் பல கடல்வழியே கற்பிட்டியில் போய் இறங்கின. வடக்கிலிருந்து துரத்தப்பட்டோர் ஏறக்குறைய 75,000 பேர். புத்தளத்துக் கிடுகுக் குடிசைகளில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது.

பின்னர் ஊர் திரும்பி வந்தவர்களுக்கு மீன்பிடித் துறையும் இலேசில் கிடைக்கவில்லை. கோந்தைப்பிட்டித் துறையில் அதற்குள் விடத்தல்தீவிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ் மீனவர்கள் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். இரு பக்கமும் அகதிகள்தான். 2012 ஜூலையில் பிணக்கு முற்றி, மன்னார் நீதிமன்றத்தின் மீது கல் விழுந்தது. நியாயம் யார் பக்கம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். தகப்பன் கடலுக்குப் போகாத நாட்களின் கணக்கு எந்த வழக்கேட்டிலும் ஏறுவதில்லை. அந்தக் காலத்து அரச கணக்கெடுப்பில் (2012/13) நாட்டின் வறுமை 6.7 வீதம், மன்னார் மாவட்டத்தில் 20.1.

அந்த வறுமை பிள்ளைகளை எப்படித் தொடுகிறது? பிள்ளைப் பருவத்துப் பாதிப்பு பின்னாளில் உடல்நோயாகவும் வெளிப்படுகிறது என்பதை 1998இல் அமெரிக்க மருத்துவர்களான பெலிட்டியும் அண்டாவும் எடுத்துக்காட்டினார்கள். ஆனால் அடி, வசை, குடிகாரப் பெற்றோர் என்று அவர்கள் கேட்டவை பெரும்பாலும் வீட்டுக்குள் நடப்பவை. பின்னர் பிலடெல்பியாவில் நடந்த ஆய்வில்தான் தெருவின் பாதுகாப்பும் கேள்வித்தாளில் ஏறியது.

நம் பக்கத்து ஆய்வொன்று வீட்டுக்கு உள்ளே நடப்பதையும் வெளியே நடப்பதையும் இணைக்கிறது. வடகிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் விசாரித்து 2008இல் வெளியான அந்த ஆய்வு, போரை அதிகம் கண்ட பிள்ளைகளும் தகப்பன் குடிக்கும் வீட்டுப் பிள்ளைகளுமே வீட்டிலும் அதிகம் அடிபடுவதைக் கண்டது. வெளியே நடந்தது படி தாண்டி உள்ளே வந்திருக்கிறது.

அப்படியானால் வறிய சுற்றாடலைவிட்டுப் பிள்ளைகளை வேறிடத்துக்குக் கொண்டுபோகலாமே? அமெரிக்காவில் 1994 முதல் அதையும் செய்து பார்த்தார்கள். 13 வயதுக்கு முன் வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகளின் பிற்கால வருமானம் சுமார் 31 வீதம் கூடியிருந்தது. ஆனால் ஒருமுறை பெயர்க்கப்பட்டவர்களிடம் மறுபடி பெயருங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? இங்கே மாற வேண்டியது தெரு.

2023 முதல் அரசின் அஸ்வெசும உதவி குடும்பம் குடும்பமாகத் தெரிந்தெடுத்துக் கொடுக்கப்படுகிறது. தேவையான உதவிதான். ஆனால் ஒழுங்கான வடிகாலையும் தெருவிளக்கையும் நல்ல முன்பள்ளியையும் ஒரு தாய் அந்தப் பணத்தில் வாங்க முடியாது. அவற்றை நகர சபையும் மாகாணமும்தான் தெருவுக்குத் தெரு செய்துகொடுக்க வேண்டும்.