காதுக்குள் ஒரு சுவர்க்கோழி

சென்ற இதழில் முறுக்கு மாவு பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு வந்த கடிதங்களோடு திருச்சியிலிருந்து ஒரு சகோதரியின் கடிதமும் வந்தது. முறுக்கைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. "ப்ளஸ் டூ படிக்கிற என் மகன் எந்நேரமும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறான். மெட்டல் என்று பெயராம். வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி இருக்கிறது. பிள்ளை கெட்டுப் போய்விடுவானோ என்று இரவெல்லாம் தூக்கமில்லை" என்று எழுதியிருக்கிறார்.

சகோதரி, நான் டாக்டரும் இல்லை, சங்கீத வித்வாம்சினியும் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. தேறியதோடு சரி. ஆனால் அந்த யானை புகுந்த கடைக்குள் நானே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தவள். அந்தக் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அப்போது நாங்கள் அமெரிக்காவில், அட்லாண்டா நகரத்தின் வடக்குப் புறத்தில் குடியிருந்தோம். இவருக்கு அங்கே வேலை. எங்கள் பெரியவனுக்குப் பதினாலு வயதில் இந்தப் பைத்தியம் பிடித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்வான். அவ்வளவுதான், அடுக்களையில் டம்ளர்கள் தானாக ஆடும்! "குறைடா... குறைடா" என்று நான் கத்தாத நாள் இல்லை. ஒரு தீபாவளிக்கு இவர் அவனுக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுத்தார். வீடு கோயில் மாதிரி அமைதியாகிவிட்டது. சத்தம் தொலைந்ததென்று பிள்ளையாருக்கு ஒரு தேங்காய்கூட உடைத்தேன். அந்தத் தேங்காயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு சொல்கிறேன்.

2019 செப்டம்பர். பிள்ளையார் சதுர்த்தி முடிந்து மூன்றாம் நாள். அந்த ஊரில் வருஷா வருஷம் ப்ராக்பவர் யுஎஸ்ஏ என்று ஒரு இசை விழா நடக்கும். பெரியவனும் கல்லூரித் தோழர்கள் மூன்று பேரும் சேர்ந்து வியாழக்கிழமைக்கு டிக்கெட் வாங்கியிருந்தார்கள். மூன்று பேருக்கும் ஏதோ பரீட்சை வந்து கைவிரித்துவிட்டார்கள். "பணம் என்ன மரத்திலேயா காய்க்குது?" என்று இவர் ஆரம்பித்தார். நான் சட்டென்று, "வீணாக்க வேண்டாம். நான் வரேன்டா" என்றேன்.

பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! நிலவேம்புக் கஷாயம் குடித்த மாதிரி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாட்டுக் கேட்க அல்ல, வேவு பார்க்கத்தான் போனேன். போதைப் பழக்கமோ, பேய் பூஜையோ, என்னென்னவோ பயம். தனியாகப் போகத் துணிச்சலில்லாமல் மதுரை அக்காவைக் கூப்பிட்டேன். ஐம்பது தாண்டியவர், சிங்கத்தின் குகைக்கென்றாலும் "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்பவர். நாலாவது டிக்கெட்டுக்கு எதிர் வீட்டுத் தெலுங்குத் தோழி. "பாட்டுக் கச்சேரிதானே வதினா, வரேன்" என்று பட்டு ரவிக்கையோடு வந்து நின்றாள் பாவம்!

நார்த் ஸ்பிரிங்ஸ் ஸ்டேஷனில் காரை விட்டுவிட்டு ரயில் ஏறினோம். பெரியவன் எங்களைத் தெரியாதவன் மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்தான். மதுரை அக்கா விடுவாரா? "தம்பி, போறது போறோம். அது என்னன்னு சொல்லிட்டா எங்களுக்கும் பொழுது போகுமில்ல?" என்றார். முதலில் ஒற்றை ஒற்றை வார்த்தையாகச் சொன்னவன், இரண்டு ஸ்டேஷன் தாண்டியதும் எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

மெட்டலில் பல சாதி உண்டாம். இந்த விழாவில் முக்கியமாக இரண்டு. ஒன்று பவர் மெட்டல். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து ஹெலோவீன் என்ற குழு 1987-லும் 1988-லும் போட்ட இரண்டு ஆல்பங்கள்தான் அதற்குப் பிள்ளையார் சுழி என்றான். வேகமான தாளம், உச்ச ஸ்தாயியில் பாட்டு, எல்லாரும் சேர்ந்து பாட ஒரு பல்லவி. விஷயம் என்ன தெரியுமா? ராஜா, வீரவாள், பறக்கும் நாகம், சபதம்! பிளைண்ட் கார்டியன் என்ற இன்னொரு ஜெர்மன் குழு, டோல்கீன் எழுதிய புராணக் கதைகளை வைத்து 1998-ல் ஒரு ஆல்பம் முழுக்கப் பாடியிருக்கிறார்களாம். "அட, நம்ம விக்கிரமாதித்தன் கதைதான்" என்றார் அக்கா. பேய் பூஜை என்று நான் பயந்த படங்களில் பாதி இந்த நாகங்கள்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

இன்னொன்று ப்ராக்ரஸிவ். அது நீளமானது. இருபது நிமிஷப் பாட்டெல்லாம் உண்டு. தாளம் நடுநடுவே மாறும். 1985-ல் பாஸ்டன் நகரத்து இசைக் கல்லூரியில் படித்த மாணவர்கள் தொடங்கிய டிரீம் தியேட்டர் என்ற குழு இதில் பெரிய பேர். 1999-ல் அவர்கள் போட்ட ஒரு ஆல்பத்தில், பாடலே இல்லாத ஆறு நிமிஷ வாசிப்பு ஒன்றில் தாளம் நூறு தடவைக்கு மேல் மாறுகிறதாம். கும்பகோணத்தில் வர்ணம் வரைக்கும் பாட்டுக் கற்றுக்கொண்டவள் நான். "அதெப்படிடா, சமம் எங்கே விழும்?" என்று கேட்டேன். பிள்ளை என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஐந்து வருஷத்தில் அவனிடம் நான் கேட்ட, "சாப்பிட்டியா" அல்லாத முதல் கேள்வி அதுதான் போலிருக்கிறது.

ஆர்ட்ஸ் சென்டர் ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் சென்டர் ஸ்டேஜ் என்ற அரங்கம். வாசலில் ஒரே கறுப்புச் சட்டைக் கூட்டம். நானோ மாம்பழ மஞ்சள் சுடிதார்! பையைச் சோதித்த காவல்காரர் உள்ளேயிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். வெள்ளைப் பொடி. எனக்குச் சர்வாங்கமும் நடுங்கிவிட்டது. ரிவர்டேல் பெருமாள் கோயில் வளாகத்துச் சிவன் சன்னிதியில் கொடுத்த விபூதி! என்ன சொல்வதென்று தெரியாமல் எடுத்து நெற்றியில் இட்டுக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே விட்டார். போதைப் பொருள் தேடி வேவு பார்க்கப் போனவள், பிடிபட்டது நான்தான். பெரியவன் குனிந்து நின்று சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

நான் ஏதோ மைதானம், சேறு, தள்ளுமுள்ளு என்று நினைத்திருந்தேன். அங்கே சர்க்கஸ் காலரி போலப் படிப்படியாக நாற்காலிகள், ஆயிரம் பேர் அளவுக்கு. முன்னால் நின்று பார்க்க ஒரு தளம். வந்தவர்களில் பாதிப் பேர் என் வயது, அதற்கும் மேலே. நரைத்த தலையோடு கணவன் மனைவியாக வந்திருந்தார்கள். 2001-ல் ஆரம்பித்த விழாவாம். அந்த வருஷம் முதல் தடவை இல்லினாய் மாநிலத்தில் நடந்து, அதே வருஷமே அட்லாண்டாவுக்கு வந்துவிட்டதாம். ஐரோப்பாவிலிருந்து எளிதில் வராத குழுக்களை வரவழைப்பதால், வேறு மாநிலங்களிலிருந்தெல்லாம் லீவு போட்டுவிட்டு வருகிறார்கள். நமக்கு டிசம்பர் சீசன் இல்லையா, அந்த மாதிரி. காண்டீன் மட்டும் நம் சபாக்களுக்கு உறை போடக் காணாது. கொழுக்கட்டையை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போனது புண்ணியம்.

எனக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. அறுபத்தைந்து இருக்கும். "முதல் தடவையா?" என்று கேட்டு, கைப்பையிலிருந்து சின்னச் சின்ன ஆரஞ்சு நிறப் பஞ்சுருளை போன்றவற்றை எடுத்து எங்கள் மூவருக்கும் ஜோடி ஜோடியாகக் கொடுத்தார். காதடைப்பான். விரலால் திரி மாதிரி உருட்டி, இன்னொரு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே செருகி, அது உப்பி அடைக்கிற வரை அழுத்திப் பிடிக்கவேண்டும். "உன் பிள்ளைக்கு?" என்று கேட்டார். அவன், "எனக்கு வேண்டாம், பழக்கம்தான்" என்றான்.

விளக்கு அணைந்தது. முதல் அடி விழுந்ததும் நெஞ்சுக்கூட்டில் யாரோ உலக்கை போட்ட மாதிரி இருந்தது. தெலுங்குத் தோழி "கோவிந்தா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கால் மணி நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. டிரம்ஸ்காரர் இரண்டு காலாலும் அடிக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது, தையல் மிஷின் மிதிப்பது போல. கூட்டம் முழுக்க ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் தூக்கிக் காட்டியது. இதுதான் பேய்ச் சின்னம் என்று நினைத்து பெரியவனைப் பார்த்தேன். அவன் என் காதருகே வந்து சொன்னான்: ரானி ஜேம்ஸ் டியோ என்ற பாடகர் பரப்பிய சைகையாம். அவருடைய இத்தாலியப் பாட்டி கண்ணேறு படாமலிருக்க அப்படிக் கை காட்டுவாராம், அதைப் பார்த்துப் பழகியதாம். திருஷ்டி கழிப்பதா! அக்கா உடனே இரண்டு கையாலும் காட்டத் தொடங்கிவிட்டார். பரதநாட்டியத்துச் சிம்மமுக முத்திரைதான் அவருக்கு வந்தது. அதனால் என்ன?

இரண்டாவதாக வந்த குழு ப்ராக்ரஸிவ். கிடாரில் ஒரு வரி சுற்றிச் சுற்றி வந்தது. என் கை தானாகத் தொடையில் தட்ட ஆரம்பித்தது. எட்டுக்கு ஒன்று குறைகிறதே... தகிட தகதிமி... ஏழு! மிச்ர சாபு! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அது ஐந்தாக மாறியது, மறுபடி ஏழு. முன் வரிசையில் ஒரு தாடிக்காரர், ஆள் மலை மாதிரி, என் தட்டலைத் திரும்பிப் பார்த்தார். அவரும் தன் முழங்காலில் தட்டினார். பாட்டு முடிகிற இடத்தில் நானும் அவரும் ஒரே சமத்தில் வந்து நின்றோம். அவர் எழுந்து என்னைக் கும்பிட்டார்! பெரியவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சந்தோஷத்தில் நன்றாகக் கேட்கவேண்டும் என்று ஒரு காதிலிருந்து அடைப்பானை எடுத்துவிட்டேன். அசட்டுத்தனம்.

திரும்பும்போது ரயிலில் கூட்டமில்லை. மற்ற இரண்டு பேரும் தூங்கி வழிந்தார்கள். "டேய், இந்தக் காதுக்குள்ள கொய்ங்னு ஏதோ கேட்டுக்கிட்டே இருக்குடா" என்றேன். "நாளைக்குப் போயிடும்மா" என்றான். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத்தான் போகவே மாட்டேங்குது. ஒரு வருஷமாச்சு. ராத்திரியிலே சுவர்க்கோழி மாதிரி" என்றான்.

ஒரு வருஷம்! ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு எனக்குத் தெரியாது. ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டால், "சொன்னா பாட்டு கேக்காதேன்னு சொல்லுவே" என்றான். சரிதானே? அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அடுத்த வாரமே காது பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஒவ்வொரு ஒலியாக விட்டு, கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்கிறார்கள். கடைசியில் ஒரு கோட்டுப் படம். எல்லாம் சமமாகப் போகிற கோடு, 4000 ஹெர்ட்ஸ் என்ற இடத்தில் மட்டும் பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறுகிறது. அதிகச் சத்தம் தின்ற காது அங்கேதான் முதலில் குழி விழுமாம். உள்காதில் மயிரிழை போன்ற உயிரணுக்கள் இருக்கின்றன. அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. அவனுக்குப் பள்ளம் சின்னதுதான், பேச்செல்லாம் நன்றாகக் கேட்கும், இனி கவனமாக இருந்தால் இப்படியே காப்பாற்றலாம் என்றார் அந்த அம்மாள்.

பிறகு, "கச்சேரிக்கு அடிக்கடி போவாயா?" என்று கேட்டார். "இல்லை, வருஷத்துக்கு ஒன்று" என்றான். "பின்னே எப்படிக் கேட்பாய்?" அவன் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "ஹெட்போனில்தான். முழுச் சத்தத்தில். வீட்டிலே மற்றவர்களுக்குத் தொந்தரவு கூடாதென்று" என்றான்.

நான் உடைத்த தேங்காய் ஞாபகம் வந்தது. டம்ளர் ஆடினாலும் அந்தச் சத்தம் அறை முழுக்கப் பரவிப் போயிற்று. அதை ஐந்து வருஷம் என் வீட்டு அமைதிக்காக அவன் காதுக்குள்ளேயே அடைத்துவைத்தவள் நான்தான். காரில் ஏறியதும் அழுதுவிட்டேன். "ஐயோ அம்மா, நானும்தானே ஏத்தி வெச்சேன்" என்று அவன்தான் சமாதானம் சொன்னான்.

அந்த அம்மாள் சொன்ன கணக்கை இன்றும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன். 85 டெசிபல் சத்தத்தில், அதாவது ஏறக்குறைய மிக்ஸி ஓடும் சத்தத்தில், ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி. 100-க்கு வந்தால் கால் மணி நேரம்தான்! ராக் கச்சேரி 100-ஐச் சர்வ சாதாரணமாகத் தொடும். ஹெட்போனில் சத்தத்தை அறுபது சதவீதத்துக்கு மேல் ஏற்றாமல், ஒரு மணி நேரத்துக்கொரு தரம் கழற்றிக் காதுக்கு ஓய்வு கொடுக்கவேண்டும். கச்சேரிக்குப் போனால் அடைப்பான். பாட்டின் நயம் கெடாமல் சத்தத்தை மட்டும் சமமாகக் குறைப்பதற்கென்று சங்கீதக்காரர்கள் போடுகிற ரப்பர் அடைப்பானும் கிடைக்கிறது. சாதாரணப் பஞ்சு வைத்தால் பிரயோஜனமில்லை.

மெட்டலை மட்டும் குறை சொல்வானேன்? கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எத்தனை பேர் உட்காருகிறோம்! குழந்தை வீறிட்டால் "தூக்கத்துக்கு அழுவுது" என்கிறோம். எழுந்து தள்ளிப் போங்கள், கோபித்துக்கொள்ளும் சம்பந்தி கோபித்துக்கொள்ளட்டும்.

பெரியவன் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான். சுவர்க்கோழி போகவில்லை. மின்விசிறி ஓடினால் அதன் சத்தத்தில் அமுங்கிவிடுகிறதாம், மார்கழிக் குளிரிலும் விசிறியைப் போட்டுக்கொண்டு போர்த்திப் படுக்கிறான். பள்ளம் அதற்கப்புறம் ஆழமாகவில்லை என்று போன தடவை சோதித்தபோது சொன்னார்கள். ஊருக்கு வந்தால் கூடத்தில் ஸ்பீக்கரில் போடுகிறான். நான் வாழைப்பூ ஆய்ந்துகொண்டே தாளம் போடுகிறேன். இவர்தான் பேப்பரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார்.

ஆகவே திருச்சிச் சகோதரி, "அதைக் கழற்றுடா" என்று கத்தாதீர்கள். இன்று சாயங்காலம் அதைக் கூடத்தில் போடச் சொல்லி, கறிகாய் நறுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். ஒரு பாட்டாவது முழுக்கக் கேளுங்கள். பிறகு, "ராத்திரி காதுக்குள் ஏதாவது சத்தம் கேட்கிறதா?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால் தாமதிக்காமல் காது டாக்டரிடம் காட்டுங்கள். என்ன சொன்னான் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

முறுக்கு எண்ணெயில் பிரிந்து போகிறது என்று கேட்டிருந்த ஆறு பேருக்கும் அடுத்த இதழில் பதில்.