புகைக்கு ஒரு நீதி, மதுவுக்கு ஒரு நீதி: விளம்பரத் தடையின் இரட்டை அளவுகோல்

கார்த்திகை தீபத் திருவிழா நெருங்கும்போது, திருவண்ணாமலையில் டாஸ்மாக் கடைகளைச் சில நாள்களுக்கு மூடுமாறு மாவட்ட நிர்வாகம் ஆணையிடுவது வழக்கமாகிவிட்டது. இலட்சக்கணக்கான மக்கள் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கும் நாள்களில் அது தேவையான ஏற்பாடே. அதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அந்த ஆணை ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறது. மது மக்களுக்குக் கேடு என்பது அரசுக்குத் தெரியும். அந்த அறிவு யாருக்காக, எத்தனை நாளைக்குப் பயன்படுகிறது என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி. விழா முடிந்து கடை திறந்தபின், செங்கத்திலும் தண்டராம்பட்டிலும் காலனிகளில் வாழும் கூலித் தொழிலாளிக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை.

இதே நகரில் ஒரு பெட்டிக்கடையைப் பாருங்கள். அங்கு விற்கும் சிகரெட் பெட்டியின் முகப்பில் 85 விழுக்காட்டை நோயின் படமும் எச்சரிக்கையும் நிறைத்திருக்கும். கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்திற்குள், அதாவது ஏறத்தாழ 91 மீட்டருக்குள், புகையிலைப் பொருளை விற்கக் கூடாது. மதுக்கடைக்கோ 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுபான சில்லறை விற்பனை விதிகளின்படி, நகராட்சியிலும் மாநகராட்சியிலும் கல்வி நிலையத்திலிருந்தும் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் 50 மீட்டர் தொலைவு போதும். பிற பகுதிகளில் 100 மீட்டர். வணிகப் பகுதி என வகைப்படுத்தப்பட்ட இடங்களுக்கு அந்தத் தூரமும் பொருந்தாது. 2024இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த திருவண்ணாமலைக்கு உரியது இந்த 50 மீட்டர் கணக்குத்தான். ஒரு பீடிக்கட்டைவிட ஒரு மதுக்கடை பள்ளிக்கூடத்திற்கு நெருக்கமாக நிற்கலாம் என்பதே இதன் பொருள்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? விளம்பரச் சட்டங்களின் வரலாற்றைப் பார்த்தால் விடை தெளிவாகும்.

சட்டம் நடந்த இரு பாதைகள்

புகையிலையைப் பொறுத்தவரை, 1975ஆம் ஆண்டின் சிகரெட் சட்டம் பெட்டியின் மீது ஓர் எச்சரிக்கை வாசகத்தை மட்டுமே கட்டாயமாக்கியது. 1996 உலகக் கோப்பைக் கிரிக்கெட் போட்டியே ‘வில்ஸ்’ என்ற சிகரெட்டின் பெயரால் நடந்தது. 2003இல் நாடாளுமன்றம் இயற்றிய சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டம் இந்நிலையை மாற்றியது. அதன் 5ஆம் பிரிவு நேரடி விளம்பரம், மறைமுக விளம்பரம், புரவலர் நிதி ஆகிய அனைத்தையும் தடை செய்தது. விற்பனை இடத்தில் வைக்கும் பலகைக்கும் பெட்டியின் மேலுறைக்கும் மட்டுமே விலக்கு. 2004 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. விளம்பரத்தை முற்றாக ஒழிப்பது அந்த உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு விதிக்கும் கடமை.

மதுவுக்கு இத்தகைய நாடு தழுவிய ஒற்றைச் சட்டம் இல்லை. இருப்பவை துண்டு துண்டான ஏற்பாடுகள். தொலைக்காட்சியில் மது விளம்பரத்தைக் கேபிள் தொலைக்காட்சி விதிகள் 2000இல் தடுத்தன. நிறுவனங்கள் உடனே சோடா, தண்ணீர், இசைத்தட்டு என அதே பெயரில் வேறு சரக்கை விளம்பரப்படுத்தத் தொடங்கின. 2009இல் அவ்விதியிலேயே திருத்தம் கொண்டுவந்து, சில நிபந்தனைகளுடன் அத்தகைய பெயர்நீட்டிப்பு விளம்பரங்களுக்கு வழிவிடப்பட்டது. பதிலி விளம்பரத்தை நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் தடை செய்தபோதும், விளையாட்டுத் திடலிலும் பதாகையிலும் பெயர்கள் அப்படியே இருக்கின்றன. வில்ஸ் கிரிக்கெட்டை விட்டுப் போய்விட்டது. ஒரு விஸ்கியின் பெயரைத் தாங்கிப் பிறந்த பெங்களூரு அணியோ இன்றும் கோடிக்கணக்கான இளைஞர்களின் உற்சாக முழக்கமாக இருக்கிறது.

மது புட்டியின் மீது படம் கிடையாது. உணவுப் பாதுகாப்பு விதிகள் கேட்பது சில மில்லிமீட்டர் உயர எழுத்தில் ஒரு வாசகம் மட்டுமே.

அரசமைப்பின் முரண்

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. அரசமைப்புச் சட்டம் மதுவின் மீதுதான் கடுமையானது. அதன் 47ஆம் உறுப்பு, ஊட்டத்தையும் பொது நலவாழ்வையும் உயர்த்துவது அரசின் முதற்கடமைகளுள் ஒன்று எனக் கூறி, போதை தரும் பானங்களை விலக்க முயலுமாறு பணிக்கிறது. புகையிலை அங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. மது வணிகம் செய்வது குடிமகனின் அடிப்படை உரிமை அன்று என 1994இல் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, மதுவைக் கட்டுப்படுத்தச் சட்ட வலிமை கூடுதலாகவே இருக்கிறது. ஆயினும் கட்டுப்பாடு குறைவாக இருக்கிறது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாகச் சோதிப்போம்.

முதலாவது, தீங்கின் தன்மை. புகை பக்கத்தில் இருப்பவரையும் கொல்கிறது. மது குடிப்பவரை மட்டுமே கெடுக்கிறது. அளவோடு குடித்தால் ஆபத்தில்லை என்பார்கள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே மதுவைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. பாதுகாப்பான அளவு என ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. குடிப்பவரின் மனைவி வாங்கும் அடியும், சாலையில் அடிபட்டுச் சாகும் அயலாரும், வீட்டுக்கு வந்து சேராத கூலியும் பக்கத்தில் இருப்பவர் மீது விழும் தீங்கு அல்லாமல் வேறென்ன?

இரண்டாவது, அதிகாரப் பங்கீடு. இது உண்மையான காரணம். ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 8ஆம் இனமாகப் போதை மது வருகிறது; அதன் மீதான ஆயத்தீர்வையும் மாநிலத்துக்கே உரியது. புகையிலைத் தொழிலை ஒன்றியத்தின் கட்டுப்பாட்டில் எடுப்பதாக அறிவித்தே 2003ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டது. மது விளம்பரத்திற்கும் அப்படியோர் ஒற்றைச் சட்டம் வராததற்கு இது விளக்கம் தருகிறது. ஆனால் தமிழ்நாட்டுக்கு இது சாக்குப்போக்கு ஆகாது. அதிகாரம் மாநிலத்திடம் இருக்கிறது என்றால், கடமையும் மாநிலத்திடம்தான் இருக்கிறது.

மூன்றாவது, வருவாய். டாஸ்மாக் நிறுவனம் 1983இல் உருவானது. சில்லறை விற்பனை முழுவதையும் 2003 நவம்பரில் கையில் எடுத்தது. 2003-04இல் ஏறத்தாழ 3,600 கோடி ரூபாயாக இருந்த மது வருவாய், 2023-24இல் 45,000 கோடியைத் தாண்டியது. புகையிலையிலும் அரசுக்கு வரி வருகிறது, எல்.ஐ.சி. வழியாக ஐ.டி.சி.யில் பங்கும் உண்டு. ஆனால் எந்த அரசும் சிகரெட் கடை நடத்தவில்லை. மதுவில் ஒழுங்குபடுத்துபவரும் விற்பவரும் ஒருவரே. ஏகபோகக் கடைக்காரருக்கு விளம்பரமே தேவையில்லை. தீபாவளி விற்பனைத் தொகையைச் சாதனைச் செய்தியாக ஊடகங்கள் வெளியிடுவதே போதுமானது.

வேறு வழி உண்டு

இந்த வேறுபாடு இயற்கை நியதி அன்று என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கை, 2006ஆம் ஆண்டின் 27ஆம் எண் சட்டத்தின் மூலம் புகையிலைக்கும் மதுவுக்கும் ஒரே தேசிய அதிகார சபையை அமைத்து, இரண்டின் விளம்பரத்தையும் ஒரே சட்டத்தில் தடுத்தது. பிரான்சின் 1991ஆம் ஆண்டு ‘எவன்’ சட்டமும் இரண்டையும் சேர்த்தே கையாள்கிறது. நார்வேயில் 1922 முதல் அரசே மது விற்கிறது. ஆனால் அங்கு 1975 முதல் மது விளம்பரத்துக்குத் தடை உண்டு. விற்பவர் அரசாக இருப்பதாலேயே கட்டுப்பாடு தளர வேண்டும் என்பதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து எழுந்த வழக்கு ஒன்றே இதற்கு முன்னோடி. வழக்கறிஞர் கே. பாலு தொடர்ந்த வழக்கில், 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை அகற்ற ஆணையிட்டது. மது கிடைக்கும் இடத்தைக் காட்டும் பலகைகளையும் விளம்பரங்களையும் நெடுஞ்சாலைகளிலிருந்து நீக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. கடையின் பெயர்ப்பலகையும் ஓர் அழைப்பே என்பதை நீதிமன்றம் அன்று ஏற்றது.

கட்டுப்பாட்டின் விளைவை எண்களும் காட்டுகின்றன. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் புகையிலை பயன்படுத்துவோர் நாடு முழுவதும் 38 விழுக்காடு, தமிழ்நாட்டில் 20.1. மது அருந்துவோர் நாடு முழுவதும் ஏறத்தாழ 19 விழுக்காடு, தமிழ்நாட்டில் 25.4. புகையிலையில் நாட்டைவிட மிகவும் கீழே நிற்கும் மாநிலம், மதுவில் நாட்டைவிட மேலே நிற்கிறது. இதற்கு விளம்பரச் சட்டம் மட்டுமே காரணம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் போதைப் பழக்கம் தமிழரின் இயல்பு என்ற வாதத்தை இந்த எண்கள் முறியடிக்கின்றன.

விளம்பரத்தில் ஒரு குடி, காவல் நிலையத்தில் ஒரு குடி

நம் மக்களைப் பொறுத்தவரை இரட்டை அளவுகோலின் ஆழமான தீங்கு இங்குதான் இருக்கிறது. பதிலி விளம்பரம் காட்டும் குடி பளபளப்பானது: விமானம், கடற்கரை, வெற்றிக் கொண்டாட்டம். திரைப்படமும் காவல்துறையும் காட்டும் குடியோ சேரியைச் சேர்ந்தது: அழுக்கு, சண்டை, குற்றம். ஒரே பொருள் ஒருவருக்கு நாகரிகமாகவும் இன்னொருவருக்குச் சாதிக் குணமாகவும் பிரிகிறது. புகையிலையின் கவர்ச்சியைச் சட்டம் பெருமளவு கழற்றிவிட்டது. நோயின் படம் சிகரெட்டிலும் இருக்கிறது, பீடியிலும் இருக்கிறது. மதுவில் கவர்ச்சி மேலே தங்கிவிட்டது. அவப்பெயர் கீழே இறங்கிவிட்டது.

2024 ஜூனில் அண்டை மாவட்டமான கள்ளக்குறிச்சியில், தலித் குடும்பங்கள் பெருமளவில் வாழும் கருணாபுரத்தை மையமாகக் கொண்டு, மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அந்தச் சாராயத்துக்கு எந்த விளம்பரமும் இருக்கவில்லை. ஆகவே விளம்பரத் தடை ஒன்றே நம் உயிரைக் காக்கும் என்று எவரும் நம்ப வேண்டாம். டாஸ்மாக் விலை கட்டுப்படியாகாத கூலித் தொழிலாளி அதனினும் மலிவான நஞ்சுக்குத் தள்ளப்படுகிறான். குடிப்பழக்கத்தை உருவாக்கும் சந்தையும், அதன் விளிம்பில் நிற்பவரைக் கைவிடும் நிர்வாகமும் ஒரே அமைப்பின் இரு முகங்கள்.

முழு மதுவிலக்கே தீர்வு எனச் சிலர் கூறுவர். நம் மரபில் இதுபற்றி ஒரே குரல் இருந்ததில்லை. அயோத்திதாசப் பண்டிதர் பௌத்த ஒழுக்கத்தின் வழியே மதுவை மறுத்தார். அண்ணல் அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு, 1951 தேர்தல் அறிக்கையில் மதுவிலக்கை எதிர்த்தது. அரசு வருவாயை இழக்கிறது என்பது அதன் வாதங்களுள் ஒன்று. 2024 அக்டோபர் 2 அன்று விடுதலைச் சிறுத்தைகள் கட்சி உளுந்தூர்பேட்டையில் மது ஒழிப்பு மகளிர் மாநாடு நடத்தியது. 1939இல் இராஜாஜியின் அமைச்சரவை அன்றைய வடஆர்க்காட்டில், அதாவது திருவண்ணாமலை உள்ளடங்கிய மாவட்டத்தில், மதுவிலக்கைக் கொண்டுவந்தது. பின்னர் தமிழகம் மதுவிலக்கை நீக்கியும் மீட்டும் மீண்டும் நீக்கியும் வந்திருக்கிறது. தடைச் சட்டத்தின் கைவிலங்கு முதலில் யார் கையில் விழும் என்பதை நாம் அறிவோம். விளம்பரக் கட்டுப்பாடோ குடிப்பவரைத் தண்டிப்பதில்லை, விற்பவரைக் கட்டுப்படுத்துகிறது. அதனால்தான் மதுவிலக்கில் கருத்து மாறுபடுவோரும் இதில் ஒன்றுசேர முடியும்.

நாம் கேட்பவை

மாநிலத்திடம் அதிகாரம் இருப்பதால், கோரிக்கையைத் தில்லிக்கு அனுப்பிக் காத்திருக்கத் தேவையில்லை. புட்டியின் மீது புகையிலைக்கு இணையான பட எச்சரிக்கை வேண்டும். பெயர்நீட்டிப்பு விளம்பரத்தைத் தமிழ்நாட்டின் சுவர்களிலும் திடல்களிலும் தடை செய்ய மாநிலச் சட்டம் வேண்டும். கல்வி நிலையத்துக்கான தூரம் குறைந்தது 100 கெஜமாக உயர வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளும் காலனிக் குடியிருப்புகளும் அந்தப் பாதுகாப்பு வளையத்துக்குள் வர வேண்டும். விற்கும் நிறுவனத்தையும் கண்காணிக்கும் அமைப்பையும் பிரித்து, பின்னதில் பெண்களுக்கும் தலித் மக்களுக்கும் இடமளிக்க வேண்டும். மது வருவாயிலிருந்து ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் கட்டணமற்ற மீட்புச் சிகிச்சை வேண்டும்.

புகையிலைக் கட்டுப்பாட்டின் குறையையும் மறக்கலாகாது. மாற்று வாழ்வாதாரம் தர வேண்டும் என அதே உடன்படிக்கையின் 17ஆம் பிரிவு கூறியும், குடியாத்தம், பேரணாம்பட்டுப் பகுதிகளில் பீடி சுற்றும் பெண்களுக்கு அது இன்னும் ஏட்டளவிலேயே இருக்கிறது. கட்டுப்பாட்டின் சுமை உழைப்பவர் தலையில் இறங்கக் கூடாது.

மாணவத் தோழர்கள் உடனே தொடங்கக்கூடிய பணி ஒன்று உண்டு. தத்தம் கல்லூரியிலிருந்தும் விடுதியிலிருந்தும் அருகிலுள்ள மதுக்கடைக்கு எத்தனை மீட்டர் என்று அளந்து குறியுங்கள். வழியிலுள்ள பதிலி விளம்பரப் பலகைகளைப் படமெடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்தக் கடைக்கு எந்த விதியின்படி இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று கேளுங்கள். அளவுகோல் இரண்டாக இருக்கிறது என்பதை அரசின் பதிலைக் கொண்டே மெய்ப்பிக்க முடியும்.