கெடுவும் கெடுதலும்

இலக்கிய வாசகர்கள் நாலைந்து பேர் கூடி ஒரு நல்ல படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அந்தப் பேச்சு 'நாமும் ஒன்று எடுத்தால் என்ன?' என்ற இடத்தில் வந்து நிற்பது வழக்கம். தேநீர் தீர்ந்ததும் ஆசையும் தீர்ந்துவிடும். பாளையங்கோட்டையில் நாங்கள் ஐந்து பேர் மூன்று ஆண்டுகள் இப்படித்தான் இருந்தோம். திரைப்பட ஆர்வலர் குழு ஒன்று, 10 நிமிடத்துக்கு மிகாத குறும்படங்களுக்குப் போட்டி அறிவித்து 14 நாள் கெடு வைத்தது. அதன் பிறகுதான் எழுந்தோம்.

கலைக்குக் கெடு விதிக்கலாகாது என்பார் உண்டு. நெருக்கடியில்தான் கலை பிறக்கும் என்பாரும் உண்டு. இரண்டும் பாதி உண்மை என்றே எங்களுக்குப் படுகிறது.

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யை எடுத்துக்கொள்வோம். 1952 அக்டோபரில், விளம்பர நிறுவன வேலையை விடாமல், விடுமுறை நாட்களில் ராய் படப்பிடிப்பைத் தொடங்கினார். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அதற்கு முன் திரைப்படக் கருவியை இயக்கியவர் அல்லர். முதல் நாள் நாணல் பூக்களுக்கு நடுவே படமெடுத்துவிட்டு அடுத்த வாரம் போனால், பூக்களையெல்லாம் மாடுகள் மேய்ந்திருந்தன. மறு பருவம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பணமின்றியும் பலமுறை வேலை நின்றது. முடிவில் 1955 மே மாதம் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் திரையிட வேண்டும் என்ற கெடு வந்தது. கடைசி நாட்களில் இரவு பகலாகப் படத்தொகுப்பு நடந்து, துணையெழுத்துகள்கூட இல்லாமல் பிரதி கப்பலுக்கோ கடைக்கோ அல்ல, நேராகத் திரைக்கே போனது. ஆனால் அந்த அவசரத்துக்கு முன்னால் இரண்டரை ஆண்டுக் காத்திருப்பு இருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். சேர்த்து வைத்ததைத்தான் கெடு அறுவடை செய்யும். விதைப்பது அதன் வேலையன்று.

எங்கள் கதைக்கு வருவோம். ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுக்கு ஒருமுறை தாம் உயிரோடிருப்பதற்குச் சான்று அளிக்க வேண்டும். அப்படிச் சான்று கொடுக்கப் புறப்படும் ஒரு மூதாட்டியைப் பற்றி நண்பர் ஒருவர் கதை எழுதியிருந்தார். அவருடைய ஆச்சியே நடிக்க ஒப்புக்கொண்டார். கதையின் உயிர், மூதாட்டி தனக்குள் பேசிக்கொள்ளும் ஒன்றரைப் பக்கம். அதைப் பின்னணிக் குரலாக வைப்பதென்று முடிவாயிற்று. வசனம் திருத்தியே 8 நாட்கள் கழிந்தன. இரவல் கேமராவை ஞாயிறு இரவுக்குள் திருப்பித் தர வேண்டும். இரண்டு பகல்களில் எடுத்து முடித்தோம். குரலைக் கைபேசியில் பதிந்தபோது தெருநாய்களும் பேருந்துகளும் சேர்ந்து பதிவாயின.

படத்தொகுப்பில் உட்கார்ந்தபோதுதான் ஒன்றைக் கண்டோம். ஆச்சி கதவைப் பூட்டுகிறார். பூட்டை இழுத்துப் பார்க்கிறார். நாலடி நடந்து, திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கிறார். நாங்கள் சொல்லிக் கொடுத்ததன்று. அது அவருடைய அன்றாட வழக்கம். ஒன்றரைப் பக்கம் சொல்ல முயன்ற தனிமை அந்த இருபது நொடிகளில் இருந்தது. எழுத்தை நேசிப்பவர்கள் ஒருமுறையாவது படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் கருதுவது இதனால்தான். தான் எழுதிய நல்ல வாக்கியம் ஒன்று தேவையற்றுப் போவதை வேறெங்கும் இவ்வளவு கண்கூடாகக் காண முடியாது.

அதிகாலை இரண்டு மணிக்குக் குரலை முழுவதுமாக நீக்கினோம். காலையில் படத்தை ஒப்படைத்தோம். கதையை எழுதிய நண்பர் அப்போது அடுத்த அறையில் உறங்கிக்கொண்டிருந்தார். தன் வரிகள் படத்தில் இல்லை என்பதை அவர் அரங்கில் நாற்பது பேர் நடுவில் உட்கார்ந்துதான் அறிந்தார். எழுந்து போனவர் இரண்டு மாதம் எங்களோடு பேசவில்லை.

நேரமில்லை என்றே அவரிடம் சொன்னோம். அது பொய். ஒருவரைத் தட்டி எழுப்ப ஒரு நிமிடம் போதும். அவர் மறுத்துவிடுவாரோ என்று அஞ்சினோம், அந்த அச்சத்துக்குக் கெடுவின் பெயரைச் சூட்டினோம். வெட்டியது சரி என்றே இன்றும் நினைக்கிறோம். சொல்லாமல் வெட்டியது தவறு. கூலி வாங்காமல் உழைக்கும் நண்பர்களுக்கு நாம் தரக்கூடியது, முடிவெடுக்கும்போது அவர்களும் உடனிருக்கும் உரிமை ஒன்றுதான். கெடுவைக் காட்டி அதையும் பறித்தால் மிஞ்சுவது படம் மட்டுமே.

பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆச்சி படத்தைப் பார்த்துவிட்டு, "பூட்டுனதப் போயா படம் பிடிச்சிய?" என்று சிரித்தார். பக்கத்திலிருந்த பேரனும் சிரித்துவிட்டதால் பேச்சு மறுபடி தொடங்கியது. அடுத்த படத்துக்கும் அவர்தான் எழுதுகிறார். ஒரே நிபந்தனை விதித்திருக்கிறார்: ஒப்படைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம் ஐந்து பேரும் விழித்திருந்து, சேர்ந்து உட்கார்ந்து படத்தைப் பார்க்க வேண்டும். கெடு நாளைக் கணக்கிடும்போது அந்த ஒரு மணி நேரத்தை முதலில் கழித்துவிட்டே இப்போது வேலையைத் தொடங்குகிறோம்.