பால் உறைவதும் இரத்தம் உறைவதும்



பால்மரம் வெட்டிய கைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கோப்பைப் பாலைச் சும்மா விட்டாலே உறைந்துவிடும். அமோனியா கலந்தால் தண்ணீராக நிற்கும். ஆசிட் ஊற்றினால் கட்டியாகும். நம் இரத்தத்திலும் உறைய வைக்கும் பொருள்கள் உண்டு, உறைந்ததைக் கரைக்கும் பொருள்களும் உண்டு. கத்தி பட்டால் உறைய வேண்டும். காயம் ஆறியதும் கரைய வேண்டும். இரண்டும் தராசுத் தட்டுகள் போல் சமமாக நிற்பதே ஆரோக்கியம்.

இந்தத் தராசைச் சாய்க்கக் கூடியவற்றுள் ஒன்று கார்டிசோல். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் இதைச் சுரக்கின்றன. பிரட்டுக்கு எழும் விடியற்காலையில் மிகுந்து, இரவில் குறைவது இதன் வழக்கம். இது இல்லாமல் உயிர் வாழ முடியாது. ஆனால் அளவு மிஞ்சினால் வம்பு. உறைய வைக்கும் எட்டாம் காரணியும் வான் வில்பிராண்டு காரணியும் பெருகும். கட்டி கரைவதற்கு முட்டுக்கட்டை போடும் ‘பி.ஏ.ஐ.-1’ என்ற புரதமும் கூடும். உறைவது விரைவு, கரைவது தாமதம் என்றாகிவிடும்.

அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங் 1912-இல் விவரித்த நோயில் முகம் உப்பும், வயிறு பருக்கும், கைகால் மெலியும். இவர்களுக்குக் கால் நரம்பில் இரத்தக் கட்டி விழும் அபாயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு. லேசான மிகுதியில் இந்த அடையாளங்கள் இரா. வேறெதற்கோ வயிற்றை ஸ்கேன் எடுக்கையில், சுரப்பியில் சிறு கட்டி தென்பட்டுத்தான் தெரியவரும். இரத்தக் கொதிப்பும் இனிப்பு நீரும் துணைக்கு வந்திருக்கலாம். இரவில் 1 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் மாத்திரை கொடுத்து, மறுநாள் காலை இரத்தத்தை அளந்து மருத்துவர் உறுதி செய்வார். இவர்களிலும் சிலருக்குத் தராசு சற்றே சாயலாம். அறுவைச் சிகிச்சையோ நீண்ட படுக்கையோ வந்தால், மருத்துவரிடம் இதை மறவாமல் சொல்ல வேண்டும்.

நம் வீடுகளுக்குள் இது நுழைய இன்னொரு வழியும் உண்டு. செம்பனைக் குலை தூக்கி இடுப்பு நொந்தவருக்கு, யாரோ ஒரு பொட்டலம் ஜாமு கொடுக்கிறார். மூன்றே நாளில் வலி பறக்கிறது! காரணம் மூலிகையாக இல்லாமலும் இருக்கலாம். பதிவில்லாத இத்தகைய மருந்துகளில், கார்டிசோலின் வேலையைப் பல மடங்கு வலுவாகச் செய்யும் டெக்சாமெத்தசோன் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் வாங்கினாலும் கிள்ளான் இரவுச் சந்தையில் வாங்கினாலும், உறையில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

பல மாதம் சாப்பிட்டுவிட்டீர்களா? பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து வந்ததை நம்பிச் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பொட்டலத்தோடு கிளினிக்குக்குப் போங்கள். மருத்துவரே எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டுக்கும் இதே விதிதான்.

ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் தைலம் தேய்த்து உருவ வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ, கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் உடனே 999-ஐ அழையுங்கள்.