வட்டிக்கு வாங்கிய பனி



அரையாண்டு விடுமுறை நெருங்கினால் பூந்தமல்லியில் நமது மஹல்லா முழுவதும் காஷ்மீர்ப் பேச்சுத்தான். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையின் மார்கழி மூடுபனியைத் தவிர வேறு பனி அறியாத பிள்ளைகளுக்கு வெண்பனியை ஒருமுறையேனும் காட்டிவிட வேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. அந்த ஆசையை நாம் குறை கூறவில்லை. பூமியில் பயணம் செய்து படைப்பைக் காணுமாறு அன்கபூத் அத்தியாயத்தின் 20ஆம் வசனம் ஏவுகிறது. தொழுகையின் தொடக்க துஆவில் தண்ணீராலும் பனியாலும் ஆலங்கட்டியாலும் பாவங்களைக் கழுவுமாறு வேண்டுகிறோம். அந்த ‘ஸல்ஜ்’ எப்படி இருக்கும் என்று பிள்ளை கேட்டால், ஃபிரிட்ஜின் மேல்தட்டைத் திறந்துதான் காட்ட வேண்டியிருக்கிறது. போய்க் காணட்டும்.

நமது வழக்கு, அதற்கான பணம் வரும் வழியைப் பற்றியது. இப்போது பயணம், பணம் பிறகு என்று கைப்பேசியில் வரும் விளம்பரத்தை நம்மவர்கள் வட்டி என்று எண்ணுவதே இல்லை. ‘தவணைதானே’ என்கிறார்கள். வீட்டு வாசலில் கந்துவட்டிக்காரர் வந்து நின்றால் ‘அஸ்தஃபிருல்லாஹ்’ என்கிற நாவு, இங்கே ஏன் ஊமையாகிறது?

கணக்கைப் பார்ப்போம். 1,20,000 ரூபாயை ஆண்டுக்கு 16 சதவீத வட்டியில், 24 மாதத் தவணையில் வாங்கினால் மாதம் ஏறத்தாழ 5,875 ரூபாய் கட்ட வேண்டும். வட்டி மட்டும் 21,000 ரூபாய். சென்னை சென்ட்ரலிலிருந்து கத்ராவுக்கு அந்தமான் எக்ஸ்பிரஸ் செல்கிறது. படுக்கை வகுப்புக் கட்டணம் ஆயிரம் ரூபாயை ஒட்டியது. கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் வந்தே பாரத் ஓடுகிறது. நாற்காலி வகுப்புக்கு எழுநூறு ரூபாய்க்குச் சற்று மேல். நால்வர் போய்த் திரும்பும் ரயில் செலவு முழுவதும் அந்த வட்டிப் பணத்துக்குள் அடங்கி, மிச்சமும் இருக்கும். மாதம் 5,875 ரூபாயை இரண்டு ஆண்டுகள் கட்ட இயலும் குடும்பம், மாதம் 5,000 ரூபாயை ஓராண்டு சேர்த்து வைக்க இயலாதா? ஆக, இங்கே இல்லாதது பணம் அன்று, ஸப்ர்.

நமக்குத் தெரிந்த ஒரு சகோதரர் இவ்வாறு சென்று வந்தார். ஐந்து நாள் பயணம். எட்டாம் தவணையில் மனைவியின் வளையல் அடகுக்குப் போயிற்று. அந்தச் சகோதரி பனியைப் பற்றி இப்போது பேசுவதே இல்லை.

எதிர்த்தரப்பில் பெரியவர்கள் சிலர், சுற்றுலா என்றாலே வீண்விரயம் என்கிறார்கள். வலீமாவுக்கு மண்டபம் பிடித்து ஆயிரம் பேருக்கு பிரியாணி போடும்போது இந்தச் சொல் நினைவுக்கு வருவதில்லை. கல்யாணத்துக்கும் மௌத்துக்கும் அன்றி ஊர் எல்லையைத் தாண்டாத நம் பெண்களைப் பற்றியும் இவர்கள் சற்று யோசிக்கட்டும். இப்னு பதூதா ஹிந்துகுஷ் மலைப் பனியில் ஒட்டகங்கள் புதையாதிருக்கக் கம்பளிகளை விரித்துக் கடந்தவர்; பின்னர் நமது மதுரைக்கும் வந்தார். அவர் பார்த்ததை எழுதி வைத்ததால்தான் இன்றும் படிக்கிறோம்.

சேர்த்த 60,000 ரூபாயில் நால்வர் போய் வரலாம். நட்சத்திர விடுதி கிடையாது, விமானமும் கிடையாது. குல்மர்க்கில் தங்காமல் ஸ்ரீநகரிலோ தங்மர்க்கிலோ எளிய அறை எடுத்து, பகலில் மேலே சென்று திரும்பலாம். டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்கள் அங்கே ‘சில்லாய் கலான்’ எனும் கடுங்குளிர்க் காலம். அது கழிந்து பிப்ரவரித் தொடக்கத்தில் சென்றாலும் குல்மர்க்கில் பனி இருக்கும். புத்தாண்டு நெரிசல் இராது. கோட்டும் பூட்ஸும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கின்றன. நமது பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள். 2025 ஏப்ரல் பஹல்காம் படுகொலைக்குப் பின் தயங்குவோர், மே விடுமுறையில் மணாலி சென்று ரோத்தாங் கணவாயில் பனியைக் காணலாம். இன்னொன்று: வங்கிக்கு 21,000 ரூபாய் வட்டியை முகம் சுளிக்காமல் கட்டச் சம்மதிப்பவர், பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் ஏழையிடம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுவதை நம்மால் சகிக்க முடியவில்லை.

அறுபதாயிரமும் இயலாதோர்க்கு உதகை இருக்கிறது. டிசம்பர், ஜனவரி அதிகாலையில் தலைக்குந்தாவில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். பொழியும் பனி அன்று. ஆனால் விரலால் சுரண்டி எடுத்தால் அதே குளிர்தான். நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து பேருந்து. இ-பாஸ் பதிவு செய்துகொள்ளுங்கள்.

குளிரில் ஒளூவுக்கு அஞ்சித் தொழுகையை விடுவோர்க்கு ஒரு வார்த்தை. காலுறையின் மீது மஸஹ் செய்யப் பயணிக்கு மூன்று பகலும் மூன்று இரவும் சலுகை உண்டு. எத்தகைய காலுறை என்பதை உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாம். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னர், காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. ஃபஜ்ர் முடித்து வந்து உட்கார்ந்தால் சரியாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.